கேள்வி பதில்: கையெழுத்தான ஒப்பந்தத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். அலுவலகத்தில் சேர்ந்துகொண்டே போகும் ஒப்பந்தங்களைக் கவனித்துக்கொள்ள மென்பொருள் வாங்கலாமா, வாங்கினால் எதை எதிர்பார்க்கலாம் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். துறைக்காரர்கள் இதைச் சுருக்கமாக சி.எல்.எம். (காண்ட்ராக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்) என்பார்கள். ஒருவர் வந்து "இவர்களோடு ஒப்பந்தம் போட வேண்டும்" என்று கேட்பதில் தொடங்கி, வரைவு, பேரம், ஒப்புதல், கையெழுத்து, அப்புறம் அதில் எழுதியபடி நடப்பது, கடைசியில் புதுப்பிப்பது அல்லது முடித்துக்கொள்வது வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் மென்பொருள். ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் சுமார் 150 ஒப்பந்தங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். நிர்வாகம் மென்பொருள் வாங்கலாம் என்கிறது. எக்ஸெல் போதாதா?
– கொள்முதல் பிரிவில் பணிபுரியும் வாசகி

போதும், ஆனால் எதுவரைக்கும் என்று பார்க்க வேண்டும். அதை நீங்கள் ஒருவரே வைத்திருக்கிறீர்கள், எந்த வரியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடம், புது ஒப்பந்தம் வந்தால் அன்றைக்கே ஏற்றிவிடுகிறீர்கள் என்றால் 150 ஒப்பந்தத்துக்கு எக்ஸெல் நன்றாகவே ஓடும். நீங்கள் ஒரு மாதம் லீவில் போனால்தான் சிக்கல். ஷீட் தானாக யாரையும் கூப்பிடாது, யாராவது திறந்து பார்த்தால்தான் உண்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. யாரும் மறுப்பு சொல்லாவிட்டால் தானாகவே இன்னொரு வருடம் நீளும் என்று அதில் ஒரு ஷரத்து. அந்த இயந்திரத்தை நாங்கள் விற்றே ஆறு மாதம் ஆகியிருந்தது. நினைவூட்டல் மெயில் சரியான நாளில் போகத்தான் செய்தது, ஆனால் போய்ச் சேர்ந்தது வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. இல்லாத இயந்திரத்துக்கு முழு வருடத் தொகையைக் கட்டினோம். அன்றிலிருந்து யார் எந்த ஒப்பந்த மென்பொருளைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எச்சரிக்கை யாருக்குப் போகும், அவர் இல்லாவிட்டால் அடுத்து யாருக்கு, அவர் "பார்த்துவிட்டேன்" என்று பதிவு செய்யாவிட்டால் மேலே யாருக்குத் தெரியவரும்?

தேதி விஷயத்தையே இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். உங்கள் ஷீட்டில் "முடியும் தேதி" என்று ஒரு கட்டம் இருக்கும். 31 மார்ச் 2028 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில், தொடர விருப்பமில்லை என்றால் 90 நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பின்னோக்கி எண்ணுங்கள். 2028 லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள், அதனால் 90 நாள் போய் நிற்கும் இடம் 1 ஜனவரி 2028. புத்தாண்டு, அதுவும் சனிக்கிழமை. அதே ஒப்பந்தம் ஒரு வருடம் முன்னதாக, 31 மார்ச் 2027 அன்று முடிவதாக இருந்தால் அந்த நாள் 31 டிசம்பர் 2026. இரண்டு நாளிலும் அலுவலகத்தில் ஆள் இருப்பது சந்தேகம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. நோட்டீஸ் "அனுப்ப" வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, "கிடைத்திருக்க" வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? மெயிலில் அனுப்பினால் செல்லுமா, குறிப்பிட்ட முகவரிக்குத் தபாலில்தான் போக வேண்டுமா? ஆக, நீங்கள் கவனிக்க வேண்டிய தேதி மார்ச் 31 இல்லை, ஜனவரி 1-கூட இல்லை. தொடரலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசி, மாற்று சப்ளையரிடம் விலை கேட்டு, மேலே ஒப்புதல் வாங்க எத்தனை வாரம் ஆகுமோ அத்தனை வாரம் முன்னால் உள்ள ஒரு தேதி. பெரிய ஒப்பந்தங்களுக்கு ஆறு மாதம் முன்பே முதல் மணி அடிக்கட்டும் என்று நான் சொல்வேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஷீட்டில் மூன்று கட்டங்கள் கூடுதலாகச் சேருங்கள்: நோட்டீஸ் கொடுக்கக் கடைசி நாள், பொறுப்பாளர், அவர் இல்லாதபோது மாற்றுப் பொறுப்பாளர். 150 வரிக்கும் இவற்றை நிரப்ப முயலுங்கள். நிரப்ப முடிந்தால் மென்பொருளுக்கு அவசரம் இல்லை, வாங்கினாலும் ஏற்றுவது சுலபம். நிரப்ப முடியவில்லை, பாதி ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாளர் யாரென்றே தெரியவில்லை என்றால், மென்பொருள் வாங்கினாலும் அந்தக் கட்டங்கள் அப்படியே காலியாகத்தான் இருக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மென்பொருள் வாங்கிவிட்டோம். புது ஒப்பந்தங்கள் எல்லாம் அதில்தான் போகின்றன. ஆனால் கடந்த பதினைந்து வருட ஒப்பந்தங்கள் அலமாரியிலும் பழைய கணினிகளிலும் மெயிலிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவர வேண்டுமா?
– நிர்வாகப் பொறுப்பில் உள்ள வாசகர்

இந்த வேலை எவ்வளவு பெரியது என்று விற்பனைக்கு வந்தவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் எது எது இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் என்றால், வெளியிலிருந்து ஒரு மாற்றம் வரும்போது "அந்த மாதிரி ஷரத்து உள்ள ஒப்பந்தங்கள் எல்லாம் எடு" என்று திடீரென்று கேட்பார்கள். இது பலமுறை நடந்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற கணக்கியல் விதி நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை செலவுக் கணக்கில் மட்டும் இருந்த குத்தகைகளை நிறுவனங்கள் தங்கள் இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டிவந்தது. கட்டடம், வாகனம், கணினி என்று எங்கெங்கே குத்தகை இருக்கிறது என்று ஃபைல்களைப் புரட்டினார்கள். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது, தகவலைக் கையாளும் ஒவ்வொரு சப்ளையரோடும் உரிய ஷரத்து இருக்கிறதா என்று தேடினார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது எல்லோரும் தேடியது எதிர்பாராத பேரிடர் பற்றிய ஷரத்தை. லைபார் என்ற, லண்டன் வங்கிகள் தங்களுக்குள் கடன் வாங்கும் விகிதத்தை ஒட்டிய வட்டி விகிதத்தை வைத்துப் போட்ட கடன் ஒப்பந்தங்கள் இன்னொரு கதை. 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு டாலர் லைபார் நின்றது. அதைக் குறிப்பிடும் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் கண்டுபிடித்து, "அந்த விகிதம் இல்லாவிட்டால் என்ன" என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒப்பந்தங்கள் ஓரிடத்தில் இருந்து, எழுத்தைத் தேட முடிகிற நிலையிலும் இருந்தால் சில நாள் வேலை. இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஆள் போட்டுப் படிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? பழைய ஒப்பந்தங்களை வருட வரிசையில் எடுக்காதீர்கள், தயவுசெய்து. கணக்குப் பிரிவுக்குப் போய், கடந்த பன்னிரண்டு மாதத்தில் யார் யாருக்குப் பணம் போயிருக்கிறது, யாரிடமிருந்து வந்திருக்கிறது என்ற பட்டியலை வாங்குங்கள். பணம் ஓடும் இடத்தில் உயிரோடு ஒரு ஒப்பந்தம் இருக்கும், அல்லது இருக்க வேண்டியது இல்லாமல் இருக்கும். இரண்டும் உங்களுக்குத் தெரிய வேண்டியவைதான். பெரிய தொகையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். காலாவதியாகி, கணக்கு முடிந்து, வழக்கும் பாக்கியும் இல்லாதவற்றைச் சட்டப்படி எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டுமோ அத்தனை வருடம் அலமாரியிலேயே விட்டுவையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் ரகசியம் காக்கும் பொறுப்பு, நஷ்ட ஈட்டுப் பொறுப்பு போன்றவை சில வருடம் தொடரும் என்று எழுதியிருப்பார்கள். அவற்றை முடிந்த கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கையில் எடுக்கும்போது என்னென்ன கண்ணில் படும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானே இந்த வேலையில் பல வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கோப்பைத் திறந்தால் பன்னிரண்டு பக்கம் இருக்கும், ஏழாவது பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருக்கும். கையெழுத்துப் பக்கத்தில் ஒருபக்கக் கையெழுத்து மட்டும் இருக்கும், எதிர்த்தரப்பு கையெழுத்திட்ட பிரதி யாருடைய மெயிலிலோ கிடக்கும். "விலைப்பட்டியல் இணைப்பு ஆ-வில் உள்ளபடி" என்று எழுதியிருப்பார்கள், இணைப்பு ஆ இருக்காது. கோப்பின் பெயர் "இறுதி", பக்கத்திலேயே "இறுதி புதியது" என்று இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் வித்தியாசம். இவற்றில் மிகவும் ஆபத்தானது திருத்த ஒப்பந்தம்தான். மூல ஒப்பந்தத்தில் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று இருக்கும், இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு பக்கத்தில் திருத்தம் போட்டு அதை 30 நாளாக்கியிருப்பார்கள், அந்த ஒரு பக்கம் தனியாக எங்கேயோ கிடக்கும். மூலத்தை மட்டும் ஏற்றினால் மென்பொருள் உங்களுக்கு 45 என்றே காட்டிக்கொண்டிருக்கும், எல்லோரும் அதை நம்புவார்கள். காகிதம் தொலைந்திருந்தாலாவது தேடியிருப்போம், இங்கே தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது. ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஏற்றும்போது, அதற்குத் திருத்தம் உண்டா என்று இரண்டு தரப்பிலும் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். எதிர்த்தரப்பிடம் கேட்க வெட்கப்படவே வேண்டாம், அவர்களிடமும் பாதிதான் இருக்கும்.

எங்கள் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, ஒப்பந்தத்தைப் படித்துத் தேதி, தொகை, பொறுப்பு எல்லாவற்றையும் தானே எடுத்துத் தரும் என்கிறார்கள். நம்பலாமா?
– சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த வாசகர்

வேலையைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எடுத்துத் தருவதை யாரும் பார்க்காமல் ஆவணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

2021-இல் தி அட்டிகஸ் புராஜெக்ட் என்ற குழு கியூட் என்று ஒரு தரவுத்தொகுப்பை வெளியிட்டது. 510 வணிக ஒப்பந்தங்களைச் சட்டம் தெரிந்தவர்களை வைத்துப் படித்து, 41 வகை ஷரத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று 13,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் குறித்திருக்கிறார்கள். இதைச் செய்ய அத்தனை உழைப்பு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால் விஷயம் புரியும். யார் யாரோடு ஒப்பந்தம் போடுகிறார்கள், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் போன்றவை ஓரளவு ஒரே இடத்தில், ஒரே பாணியில் வரும். நஷ்டம் வந்தால் ஏற்கும் பொறுப்புக்கு உச்சவரம்பு எவ்வளவு, எது அந்த வரம்புக்கு விலக்கு என்பதெல்லாம் அப்படி வராது. ஒரு ஷரத்தில் வரம்பைச் சொல்லிவிட்டு நாலு பக்கம் தள்ளி "மேற்கண்டது இவற்றுக்குப் பொருந்தாது" என்று எழுதியிருப்பார்கள். அந்த 510 ஒப்பந்தங்களும் பொது ஆவணக் களஞ்சியத்திலிருந்து எடுத்த, எழுத்தாகவே கிடைத்த ஒப்பந்தங்கள். உங்களிடம் இருப்பதோ மங்கலான ஸ்கேன். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருளை ஓட்டும்போது 1 என்பது 7 ஆகலாம், ஒரு தசமப் புள்ளி காணாமல் போகலாம். அதன்மேல் எவ்வளவு நல்ல நுண்ணறிவை வைத்தாலும் அது தப்பான எண்ணைத்தான் சரியாகப் படித்துக் காட்டும்.

நான் சொல்லும் வழி இது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த முப்பது ஒப்பந்தங்களைக் கொடுங்கள், திருத்தம் உள்ளவை, மோசமாக ஸ்கேன் ஆனவை, எதிர்த்தரப்பின் படிவத்தில் போட்டவை என்று கலந்து. வரும் விடையை உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். எந்த வகைத் தகவலில் தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும், அந்த வகையை மட்டும் எப்போதும் மனிதர் பார்க்கட்டும். இன்னொன்று, எடுத்த விடைக்குப் பக்கத்தில் அது எந்த வரியிலிருந்து வந்தது என்று சுட்டிக்காட்டாத மென்பொருளை வாங்க வேண்டாம் என்று மேலே சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் என்று தயங்காதீர்கள், இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்.

மின் கையொப்பம் கோர்ட்டில் நிற்குமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பெரும்பாலான வணிக ஒப்பந்தங்களுக்கு நிற்கும். ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 1996-இல் மின்வணிகத்துக்கும் 2001-இல் மின் கையொப்பத்துக்கும் மாதிரிச் சட்டங்கள் தந்தது. அமெரிக்காவில் 2000-இலேயே இ-சைன் சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐடாஸ் விதி 2016 ஜூலை முதல் மின் கையொப்பத்துக்கு நடைமுறையில் இருக்கிறது. அதில் சாதாரணம், மேம்பட்டது, தகுதி பெற்றது என்று மூன்று நிலைகள், மூன்றாவதற்குத்தான் கையால் போட்ட கையெழுத்துக்குச் சமமான மதிப்பு. உயில் போன்ற சில ஆவணங்களை விலக்கி வைக்கும் சட்டங்கள் உண்டு, எனவே உங்கள் நாட்டுச் சட்டத்தில் விலக்குப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். நடைமுறையில் தகராறு வருவது "மின் கையொப்பம் செல்லுமா" என்பதில் அல்ல, "கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் இருந்ததா" என்பதில்தான். யார், எப்போது, எந்த மெயில் முகவரியிலிருந்து திறந்து கையெழுத்திட்டார் என்ற தணிக்கைப் பதிவை ஒப்பந்தத்தோடு சேர்த்தே இறக்கி வையுங்கள்.

மென்பொருள் போட்டு ஒரு வருடம் ஆகிறது. ஆனால் விற்பனைப் பிரிவினர் இன்னமும் வேர்டு கோப்பை மெயிலில் அனுப்பித்தான் ஒப்பந்தம் முடிக்கிறார்கள். கேட்டால் "அதில் போட்டால் தாமதமாகிறது" என்கிறார்கள். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– சட்டப் பிரிவுத் தலைவராக இருக்கும் வாசகி

அம்மா, முதலில் அவர்கள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

மென்பொருளை அமைக்கும்போது ஒப்புதல் வரிசை போடுவோம். சட்டம், நிதி, வரி, தகவல் பாதுகாப்பு, காப்பீடு, பிரிவுத் தலைவர் என்று ஆறு பேர். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவருக்குப் போகும். ஒவ்வொருவரும் இரண்டு நாள் எடுத்தால் பன்னிரண்டு வேலை நாள் போயிற்று, இத்தனைக்கும் யாரும் சோம்பேறி இல்லை. அதே பன்னிரண்டு நாளில் வாடிக்கையாளர் வேறு இடத்தில் கையெழுத்திட்டுவிடுவார். மெயிலில் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியபோது இந்தத் தாமதம் இருந்ததில்லை. நாம் கொண்டுவந்த முறைதான் அவர்களை வெளியே தள்ளியிருக்கிறது. அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். கடந்த மாதம் போன இருபது ஒப்பந்தங்களை எடுத்து, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் நின்றது, அவர் ஏதாவது மாற்றினாரா என்று குறியுங்கள். மென்பொருளிலேயே இந்தக் கணக்கு கிடைக்கும். இருபதிலும் ஒன்றைக்கூட மாற்றாமல் ஒப்புதல் மட்டும் தந்தவர் யாரோ அவருக்கு அந்த வரிசையில் வேலை இல்லை, தகவலுக்கு ஒரு பிரதி போனால் போதும். மற்றவர்களை ஒரே நேரத்தில் பார்க்கும்படி மாற்றுங்கள். நம் டெம்ப்ளேட்டில் ஒரு சொல்லும் மாறாமல், குறிப்பிட்ட தொகைக்குள் இருக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டப் பிரிவின் ஒப்புதலே வேண்டாம் என்று நீங்கள் முன்வந்து சொல்லுங்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பு எங்கே முரண்டு பிடிக்கும், அப்போது எதுவரை இறங்கிவரலாம், எதற்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும் என்று நாலைந்து ஷரத்துகளுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், பாதிக் கேள்விகள் உங்கள் மேசைக்கு வரவே வராது.

வேர்டையும் பிடுங்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் மென்பொருளுக்குள் வந்து திருத்தப் போவதில்லை, டிராக் சேஞ்சஸ் (செய்த மாற்றங்களைக் குறித்துக் காட்டும் வேர்டு வசதி) போட்ட கோப்பைத்தான் அனுப்புவார். அதை அப்படியே உள்ளே ஏற்றி, முந்தைய பிரதியோடு ஒப்பிட்டுக் காட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். டிராக் சேஞ்சஸை அணைத்துவிட்டு யாராவது ஒரு சொல்லை மாற்றியிருந்தாலும் அந்த ஒப்பீட்டில் தெரிந்துவிடும். இது ஒன்றைக் காட்டினாலே விற்பனைப் பிரிவினர் ஆர்வமாக வருவார்கள், ஏனென்றால் அப்படி மாறிய சொல்லுக்குப் பின்னால் திட்டு வாங்கியவர்கள் அவர்கள்தான்.

இரண்டு மூன்று நிறுவனங்களின் மென்பொருளைப் பார்த்துவிட்டோம், எல்லாமே ஒன்றுபோலத் தெரிகின்றன. எதை வைத்து முடிவு செய்வது?
– தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் வாசகர்

அவர்கள் உங்களிடம் கையெழுத்து கேட்கப்போகும் ஒப்பந்தத்தை வைத்து. பலரும் இதைச் செய்வதில்லை, வசதிகளின் பட்டியலை ஒப்பிட்டே களைத்துப்போகிறார்கள்.

இந்தத் துறையில் நிறுவனங்கள் கைமாறுவது சகஜம். டாக்யுசைன் 2018-இல் ஸ்பிரிங்சிஎம்மை வாங்கியது. 2019-இல் கூபா எக்ஸாரியை வாங்கியது. 2020-இல் காங்காவும் ஆப்டஸும் ஒன்றாயின. 2024-இல் வொர்க்டே எவிசார்ட்டை வாங்கியது. வாங்கியவர் நன்றாக நடத்தலாம், நல்லதாகவே முடியலாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள் அதே பெயரில், அதே விலையில், அதே ஆட்களோடு இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பத்து வருடத்துக்கான ஒப்பந்தங்களை உள்ளே கொட்டக் கூடாது.

அதனால் வெளியே வரும் வழியை முதல் நாளே நடந்து பாருங்கள். சோதனைக் காலத்தில் ஐம்பது ஒப்பந்தங்களை ஏற்றி, தேதிகளையும் பொறுப்பாளர்களையும் நிரப்பி, மூல ஒப்பந்தத்தோடு திருத்தங்களை இணைத்து, அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிடிஎஃப்கள் வந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. எந்தத் திருத்தம் எந்த மூலத்தோடு சேர்ந்தது, யார் எப்போது ஒப்புதல் தந்தார், நீங்கள் கையால் நிரப்பிய கட்டங்கள், கையொப்பத்தின் தணிக்கைப் பதிவு, இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி வருகின்றனவா? ஐம்பது கோப்பும் எண்களை மட்டும் பெயராகக் கொண்டு ஒரே ஃபோல்டரில் கொட்டினால், அதுதான் ஐயாயிரம் கோப்புக்கும் நடக்கும்.

அவர்களுடைய ஒப்பந்தத்தில் ரினீவல் ஷரத்தைப் பாருங்கள். தானாகவே நீளுமா, எத்தனை நாள் நோட்டீஸ், புதுப்பிக்கும்போது விலையேற்றத்துக்கு வரம்பு உண்டா, முடிந்த பிறகு உங்கள் தரவை எத்தனை நாள் வைத்திருந்து தருவார்கள். முப்பது நாள் என்று இருந்தால் அறுபதோ தொண்ணூறோ கேளுங்கள், கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் பல நேரம் கிடைக்கும். கையெழுத்தானதும் அந்த ஒப்பந்தத்தையே உங்கள் மென்பொருளில் முதல் பதிவாக ஏற்றி, நோட்டீஸ் நாளையும் உங்கள் பெயரையும், நீங்கள் இல்லாவிட்டால் பார்க்க வேண்டிய இன்னொருவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.